அக்கரைப் பாட்டு, இக்கரை ரசிகர்கள்! நீலகிரித் தோட்டங்களைக் கட்டிப்போட்ட கொழும்பு வானொலி
கோத்தகிரி,-

பாடுகிறவர் கடலுக்கு அந்தப் பக்கம். ரசிகர் இந்தப் பக்கம். நடுவே பாஸ்போர்ட், விசா, கப்பல் டிக்கெட்! கொழுந்து பறிக்கிற தொழிலாளி என்ன செய்வார்? ரேடியோ குமிழைத் திருகினார்!

கொரியா பாடகர்களைச் செல்போனில் தேடும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு, “உங்கள் நாட்டில் கிடைக்காது” என்று அறிவிப்பு வந்தால் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. தாத்தா, பாட்டி பார்க்காத தடையா!

மந்திரி வைத்த பூட்டு

1952-ல் மத்திய ஒலிபரப்பு மந்திரியாக வந்தவர் பி.வி.கேஸ்கர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட காணாமலே போனது. ஜனங்கள் சும்மா இருப்பாங்களா? முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். ரேடியோ சிலோனுக்கு அடித்தது யோகம்! சோப்பு, பற்பசை விளம்பரமெல்லாம் அங்கே போய்க் குவிந்தது. 1957 அக்டோபரில் ‘விவித் பாரதி’ தொடங்கிய பிறகுதான் டில்லி இறங்கி வந்தது. அதற்குள் மயில்வாகனன் குரலுக்குத் தமிழ்நாடே அடிமை.

பிளந்த குடும்பங்கள்

நீலகிரியில் இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவாயிற்று. அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை என்று குடும்பங்கள் இரண்டாகப் பிளந்தன. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மலையேறி வந்தார்கள். இவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. ‘டான்டீ’ என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே இவர்கள் ‘இந்தியத் தமிழர்’. இங்கே வந்ததும் ‘சிலோன்காரர்’! என்ன கொடுமை பாருங்கள்.

அந்த லைன் வீடுகளில்தான் 1970-களில் ‘சுராங்கனி’ புகுந்தது. பாடியவர் ஏ.இ.மனோகரன், ‘சிலோன்’ மனோகர். சிங்களமும் தமிழும் கலந்த துள்ளல் பாட்டு. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் சக்கைப்போடு போட்டது. அந்த நாட்டில் இதற்கு ‘பொப்’ பாட்டு என்று பேர்.

ஆனாலும் பாட்டைவிடப் பெரிசு ‘பிறந்தநாள் வாழ்த்து’ நிகழ்ச்சி. அப்பா, அம்மா, மாமா, அத்தை என்று பெயர்களை வரிசையாக வாசிப்பார்கள். அக்கரையில் தங்கிவிட்ட சொந்தத்தின் பெயர் அதில் வந்துவிட்டால்? கடிதம் வந்த மாதிரிதான்!

ரேடியோவுக்கும் லைசென்ஸ்

கேட்பதும் லேசில்லை. பகலில் ஒரே கரகரப்பு. பொழுது சாய்ந்தால் மத்திய அலை வானில் பட்டுத் திரும்பி நெடுந்தூரம் வரும். கூரைமேல் கம்பி இழுத்து ஏரியல் கட்டவேண்டும். போதாக்குறைக்கு ரேடியோ வைத்திருக்கவே லைசென்ஸ்! வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்டணும். 1980-களில்தான் அது ஒழிந்தது.

1983-ல் இலங்கையில் இனக்கலவரம். மறுவருஷம் கப்பலும் நின்றது. மனோகரன் தமிழ்ப் படங்களில் வில்லனாக வந்து, 2018 ஜனவரி 22-ல் சென்னையில் காலமானார். ‘சுராங்கனி’யை இப்போது செல்போனில் எந்நேரமும் கேட்கலாம், தடை கிடையாது. 2023-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். மலைநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்கிய ராமேஸ்வரம்-தலைமன்னார் கப்பல்தான் இன்னும் ஓடக்காணோம்.