விதிகள் குடியிருக்கும் கோப்பு

புதுக் கணினிக்கு மாறும்போது போட்டோக்களையும் அலுவலக ஃபைல்களையும் மறக்காமல் பென் டிரைவில் ஏற்றிவிடுகிறோம். கோட்டைவிடுவது மின்னஞ்சல் வடிகட்டிகளை. வங்கி ஸ்டேட்மென்ட் ஒரு ஃபோல்டருக்கு, பள்ளிச் சுற்றறிக்கை இன்னொன்றுக்கு, விளம்பரம் நேரே குப்பைக்கு என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்து அமைத்தவை அவை. புது மெஷினில் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருளை நிறுவி, கணக்கு விவரம் கொடுத்தால் பழைய அஞ்சல்கள் வரும், ஃபோல்டர்கள் வரும், விதிகள் வராது. மறுநாள் எல்லாமே இன்பாக்ஸில் குவிந்து கிடக்கும்.

கணினிக்கு அஞ்சலைக் கொண்டுவரும் ஐமேப் நெறிமுறையை 1986இல் ஸ்டான்ஃபோர்டில் வடிவமைத்தவர் மார்க் கிறிஸ்பின். அஞ்சல் பெட்டிகள், அஞ்சல்கள், படித்தாயிற்றா இல்லையா என்ற குறிகள் ஆகியவற்றைத்தான் அது கையாளும். வடிகட்டி விதிக்கு அதில் இடமே கிடையாது. சர்வரில் இருக்கும் விதிக்கும் நம் கணினியில் இருக்கும் விதிக்கும் உள்ள வித்தியாசம், தபால் நிலையத்திலேயே கடிதத்தைப் பிரித்து அனுப்புவதற்கும், வீட்டுக்கு வந்தபின் நாமே பிரிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஜிமெயில் தளத்தில் அமைத்த விதி கூகுளின் சர்வரில் இருப்பதால் எந்தக் கணினியிலும் தானாக நடக்கும். தண்டர்பேர்டில் அமைத்தது அந்தக் கணினியோடு சரி.

நல்ல வேளையாக, தண்டர்பேர்ட் விதிகளை ஒளித்து வைப்பதில்லை. உதவி மெனுவில் ‘டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தைத் திறந்தால் ப்ரொஃபைல் ஃபோல்டருக்கு வழி கிடைக்கும். அதற்குள் ‘ஐமேப்மெயில்’ அல்லது ‘மெயில்’ என்ற ஃபோல்டரில், ஒவ்வொரு கணக்குக்கும் தனியாக ‘எம்எஸ்ஜிஃபில்டர்ரூல்ஸ்.டேட்’ என்ற கோப்பு இருக்கும். தண்டர்பேர்டை மூடிவிட்டு, இதைப் புதுக் கணினியில் அதே கணக்கின் ஃபோல்டரில் வைத்தால் போதும். விதிகளின் வரிசையும் குலையாமல் வந்துசேரும். மேலிருந்து கீழாக அவை இயங்குவதால் வரிசை மாறினால் பலனும் மாறும். திரும்ப உட்கார்ந்து ஒவ்வொன்றாக டைப் செய்வதைவிட நகலெடுப்பதே நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். வெறும் எழுத்துதான். ஒவ்வொரு விதிக்கும் சில வரிகள்: பெயர், இயங்குகிறதா இல்லையா, என்ன செய்ய வேண்டும், எந்த ஃபோல்டருக்கு அனுப்ப வேண்டும், கடைசியாக நிபந்தனை. சிக்கல் இருப்பது ஃபோல்டர் வரியில். ஃபோல்டரின் பெயரோடு நில்லாமல், பயனர் பெயர், சர்வர் பெயர் எல்லாம் சேர்ந்த முழு முகவரி அங்கே எழுதப்பட்டிருக்கும். பயனர் பெயரில் @ இருந்தால் அது ‘%40’ ஆக மாறியிருக்கும். புதுக் கணினியில் சர்வர் பெயரைச் சற்று வேறாகக் கொடுத்திருந்தால் இந்த முகவரி எங்கும் போய்ச் சேராது. ஃபோல்டரைக் காணோம் என்று சொல்லி, அந்த விதியைத் தண்டர்பேர்ட் நிறுத்திவிடும். நோட்பேடில் பழைய முகவரியைத் தேடிப் புதியதாக மாற்றிச் சேமித்த பிறகு, நின்றுபோன விதிகளுக்கு மறுபடி டிக் போட வேண்டும்.

மைக்ரோசாஃப்ட்டின் பழைய அவுட்லுக்கில் விதிகளை எக்ஸ்போர்ட் செய்ய வசதி உண்டு. அதே நிறுவனத்தின் அஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்சில் கணக்கு இருந்தால் பல விதிகள் சர்வரிலேயே இருக்கும். ஒலி எழுப்புவது போன்றவை மட்டும் அந்தக் கணினிக்கே உரியவை.

இந்த இடமாற்றத் தொல்லையே இல்லாத வழி ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. ‘சீவ்’ என்ற சிறு மொழி. 2001இல் இணையத் தரமாக வெளியானது, 2008இல் திருத்தப்பட்டது. எழுதிய விதி சர்வரில் உட்கார்ந்துகொள்ளும். அதன் அடிப்படை மொழியில் ஒரே வேலையைச் சுற்றிச் சுற்றிச் செய்யும் ‘லூப்’ வேண்டுமென்றே வைக்கப்படவில்லை. யாரோ ஒருவர் தப்பாக எழுதிய விதியால் எல்லோருக்குமான சர்வர் திணறக் கூடாதல்லவா? அந்த முன்யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஃபாஸ்ட்மெயில், புரோட்டான் மெயில் ஆகிய அஞ்சல் சேவைகள் சீவை ஏற்கின்றன. ஜிமெயில் ஏற்காதது பெரிய குறை.

உங்கள் சேவையில் சீவ் இருந்தால் எல்லா விதிகளையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. ஐமேப் கணக்கில் தண்டர்பேர்ட் விதிகள் பொதுவாக இன்பாக்ஸுக்கு வரும் அஞ்சலை மட்டுமே பார்க்கும். சர்வர் ஏற்கெனவே பிரித்து வைத்ததைத் தொடாது. அதனால் ஒரு விதியைச் சீவில் எழுதி, அது சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, தண்டர்பேர்டில் அதன் டிக்கை எடுக்கலாம்.