58 வயதில் 11 படுக்கைகள்

‘இன்னும் ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பீர்கள்?’ நேர்காணலுக்குப் போன எல்லோருக்கும் பழகிய கேள்விதான். 1944-ல் சென்னையில் மருத்துவம் படித்து முடித்த கோவிந்தப்ப வெங்கடசாமியிடம் கேட்டிருந்தால், பிரசவ மருத்துவராக இருப்பேன் என்றிருப்பார். சொந்தக்காரப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து எடுத்த முடிவு அது. ஆனால் ஐந்து வருஷம் ஆவதற்குள் முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டது. 1948-ல் ராணுவ மருத்துவப் பணியும் போயிற்று. விரல்கள் கோணிப்போயின. அந்தக் கையோடு பிரசவம் பார்க்க முடியாது.

நெடுநோக்கு என்றதும் நாமெல்லாம் இருபது வயதிலேயே போட்டுவைக்கும் திட்டத்தை நினைக்கிறோம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை உருவாக்கிய இந்த வெங்கடசாமியின் வாழ்க்கையில் முதல் திட்டமே பாழ். அவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிய விரலுக்குள் அறுவைக் கத்தியைப் பிடித்துப் பழகினார். பிற்பாடு அந்த விரல்கள் செய்த கண் அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

பிறகு மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் 20 வருஷம். பலரும் இந்தப் பகுதியை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தியது அப்போதுதான். சிகிச்சை இலவசம் என்றால் மட்டும் ஜனங்கள் வந்துவிட மாட்டார்கள். பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி எல்லாம் குறுக்கே நிற்கும். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராது.

1976-ல், 58 வயதில் பணி ஓய்வு. பென்ஷன் கணக்குப் பார்க்கிற வயதில் வீட்டை அடகு வைத்து 11 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். கிராமத்துப் பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுத்து, அறுவைக்கு முன்னும் பின்னுமான வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்தார். மருத்துவர் ஒரு மேசையில் அறுவையை முடிக்கும்போது, பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். காசு கொடுப்பவர்களின் கட்டணத்தில் இல்லாதவர்களுக்கும் சிகிச்சை நடந்தது.

அந்நாளில் கண்புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்புவார்கள். வயல்காட்டில் அது விழுந்து உடைந்தால் பழையபடி இருட்டுதான். பிறகு கண்ணுக்குள்ளேயே பொருத்தும் லென்ஸ் வந்தது. ஆனால் வெளிநாட்டுச் சரக்கு, விலை சுமார் 100 டாலர். வசதியுள்ளவர்களுக்கு மட்டும் அதை வைத்துவிட்டு இருந்திருக்கலாம். அரவிந்த் மருத்துவமனையினர் 1992-ல் ‘ஆரோலேப்’ என்ற பெயரில் தாங்களே லென்ஸ் தயாரிக்க இறங்கினார்கள். விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெங்கடசாமியின் தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி எனக் குடும்பமே குறைந்த சம்பளத்துக்கு, நேரம் காலம் பாராமல் உழைத்தது. ஒருவரின் தொலைநோக்குக்கு வீட்டில் உள்ளவர்களும் விலை கொடுக்கிறார்கள். பாராட்டுக் கட்டுரைகளில் அந்தக் கணக்கு அநேகமாக வருவதில்லை.

அரவிந்த் மருத்துவமனையினர் தங்கள் முறையை மற்ற மருத்துவமனைகளுக்கும் சொல்லித்தர ஒரு பயிற்சி நிலையமே நடத்துகிறார்கள். தொழில் சூட்சுமத்தை யாராவது வெளியே கொடுப்பார்களா என்று வியாபாரிக்குத் தோன்றும். ஆனால் நாட்டில் கண்புரையால் பார்வை இழந்தவர்கள், ஒரு மருத்துவமனை மட்டும் பார்த்துத் தீர்த்துவிடக்கூடிய எண்ணிக்கையில் இல்லை.