குசினிக் கத்தியும் அதற்கோர் இடமும்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வழங்கப்படும் சமையற் பொதியில் பானை, சட்டி, அகப்பை, கோப்பை என்பவற்றோடு பொதுவாக ஒரு கத்தியும் இருக்கும். பானை போதுமா, கோப்பை எத்தனை என்று முகாம் கூட்டங்களில் நாம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். கத்தியைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு தாயின் கை ஒரு நாளில் அதிக தடவை தேடும் கருவி அதுதான். பொதியில் வந்த கத்தி தேய்ந்த பின்னர் எதை வாங்குவது, ஒற்றை அறைக் கொட்டிலில் அதை எங்கே வைப்பது என்ற இரண்டு கேள்விகளும் சிறியவை போலத் தோன்றும். பிள்ளைகள் உள்ள வீட்டில் அவை சிறியவை அல்ல.

சொந்த ஊரில் குசினி வீட்டுக்குப் புறம்பாக இருந்தது. தேங்காய் வெட்டும் கொடுவாக்கத்தி விறகுக் கொட்டிலில், புல் அரியும் அரிவாள் மாட்டுக் கொட்டிலின் இறப்பில், மீன் வெட்டுவதற்குப் பலகையில் பொருத்திய அரிவாள் குசினி மூலையில் என ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்தது. இருட்டிலும் கை தானாகவே அங்கே போகும். 1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களும், 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களும், 2009இல் வன்னியிலிருந்து செட்டிக்குளம் மெனிக் பாம் கூடாரங்களுக்கு வந்து சேர்ந்தவர்களும் இவற்றையெல்லாம் விட்டுவிட்டே வந்தார்கள். பிள்ளையும் பாயும் சுமந்தவர்களுக்குக் கத்தி நினைவுக்கு வந்திருக்காது. வந்தாலும் அதை மடியில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடிக்குப் போக எவரும் துணிந்திருக்கமாட்டார்கள். மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. எனினும் வலிகாமம் வடக்கு மக்களில் ஒரு பகுதியினர் இன்னும் தம் காணிக்குத் திரும்பவில்லை. தற்காலிகக் கொட்டிலில் சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. ஒரே கத்தி காலையில் வெங்காயம் அரிகிறது, மத்தியானம் பசளைப் பை வெட்டுகிறது, பின்னேரம் பென்சில் சீவுகிறது.

முதலில் வாங்குவதைப் பார்ப்போம். சந்தையில் மூன்று வகைக் கத்திகள் கிடைக்கின்றன. நிறம் நிறமான பிளாஸ்ரிக் பிடி போட்ட மெல்லிய தகட்டுக் கத்தி மலிவானது. அது மரக்கறிக்கு இரண்டொரு மாதம் உதவும். பூசணிக்காயில் வைத்து அழுத்தினால் வளையும். இரண்டாவது, ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் எனப்படும் துருவேறா உருக்குக் கத்தி. இதில் பத்திலொரு பங்குக்கு மேல் குரோமியம் கலந்திருப்பதால் துருப்பிடிப்பது குறைவு. மூன்றாவது, எமது கொல்லர்கள் கம்மாலையில் அடித்துத் தரும் கரும் உருக்குக் கத்தி.

இவற்றில் எது நல்லது என்று கேட்டால், தீட்டத் தெரிந்த கை உள்ள வீட்டுக்குக் கொல்லர் அடித்த கத்தியையே நான் சொல்வேன். கடற்கரையோரம் இருப்பவர்களுக்கும், துடைத்து வைக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கும் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் பொருந்தும். வாங்கும்போது ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு போகலாம். காந்தம் ஒட்டாத துருவேறாத் தகடு பெரும்பாலும் கோப்பை, கரண்டி செய்யும் வகையைச் சேர்ந்தது. அதில் கூர் நிலைக்காது. ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்று முடிவு செய்துவிட வேண்டாம். வெறுந் தகரத்திலும் காந்தம் ஒட்டும்.

கொல்லரிடம் போனால் கேட்கவேண்டிய முதற் கேள்வி, எந்த இரும்பு என்பதே. லொறியின் வில்லுத் தகடு மிகவும் உகந்தது. அதில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவில் கரி கலந்திருக்கிறது. இந்தக் கரிதான் தோய்ச்சலுக்குக் காரணம். அடித்து உருவாக்கிய கத்தியைச் செந்தணலாகக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ தோய்த்தால் வாய் கண்ணாடி போலக் கடினமாகும். அப்படியே விட்டால் கல்லில் பட்டவுடன் பொரிந்துவிடும். ஆகவே மறுபடியும் மெல்லிய சூட்டில் காட்டி, துலக்கிய இரும்பில் வைக்கோல் நிறம் ஏறும்போது நிறுத்த வேண்டும். இதில்தான் கொல்லரின் கைப்பக்குவம் இருக்கிறது. கட்டடக் கம்பியிலும் பழைய தண்ணீர்க் குழாயிலும் கரி குறைவு; எவ்வளவு திறமையான கொல்லர் அடித்தாலும் அவற்றில் தோய்ச்சல் சரியாக ஏறாது.

கத்தியைக் கையில் எடுத்ததும் கொல்லரின் அரத்தை வாங்கி வாயின் ஓரத்தில் மெதுவாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போக முயன்றால் தோய்ச்சல் உண்டு. வெண்ணெயில் போவது போல அரம் கடித்துக்கொண்டு போனால் அந்தக் கத்தி வேண்டாம். எந்தக் கொல்லரும் இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்; தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் தானே அரத்தை நீட்டுவார்.

இரும்பை நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பதானால் ஓர் எச்சரிக்கை. காணி துப்புரவு செய்யும்போது மண்ணில் கிடைக்கும் இரும்பு எதையும் கம்மாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். வடக்கில் மிதிவெடி அகற்றும் பணி இன்னும் முடியாத இடங்கள் உண்டு. வெடிக்காத எறிகணையின் பாகம் துருவேறிய பின் சாதாரண இரும்புத் துண்டு போலவே தெரியும். அதைத் தொடாமல், அந்த இடத்தில் அடையாளமிட்டு, கிராம அலுவலரிடமோ பொலிஸிடமோ அறிவியுங்கள். வில்லுத் தகட்டைப் பழைய இரும்புக் கடையில் வாங்குவதே நல்லது.

பிடியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கத்தியின் வால் பிடியின் நீளத்தில் பாதிக்காவது உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டு ஆணி, அல்லது இறுகிய பூண் இருக்க வேண்டும். வேம்பு, பூவரசு எதுவானாலும் நன்றாகக் காய்ந்த மரமாக இருக்கட்டும். பச்சை மரத்தில் போட்ட பிடி ஒரு கோடையில் கழன்றுவிடும். பிடிப்பவரின் கைக்கு ஏற்ற பருமனா என்று பார்ப்பதை மட்டும் மறக்க வேண்டாம். வீட்டில் அரிபவர் மனைவி, சந்தையில் பிடித்துப் பார்த்து வாங்குபவர் கணவன் என்பது எமது ஊர்களில் வழமை. அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒரு கத்திக்குத்தான் பணம் உண்டென்றால், ஆறு அல்லது ஏழு அங்குல நீளமுள்ள குசினிக் கத்தி ஒன்றை வாங்கி அதைக் குசினிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பொதியில் வந்த பழைய கத்தியைத் தோட்டத்துக்கு ஒதுக்கி, பிடியில் சிவப்புத் துணி ஒன்றைச் சுற்றிவிடலாம். பசளையும் கிருமிநாசினியும் பட்ட கத்தி கறிச்சட்டிக்குப் பக்கத்தில் வரக் கூடாது. மீன், இறைச்சி வெட்டிய கத்தியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பின்னரே பச்சையாகச் சாப்பிடும் வெங்காயத்திலும் தக்காளியிலும் வைக்க வேண்டும். தேங்காய் உடைப்பதற்கும் விறகு கொத்துவதற்கும் கொடுவாக்கத்தி இருக்கிறது; இல்லையென்றால் அயலில் இரவல் வாங்குங்கள். தேங்காய் உடைத்துப் பொரிந்த வாயைச் சரிசெய்ய ஒரு நாள் முழுவதும் தீட்ட வேண்டும்.

கரும் உருக்குக் கத்தியில் மாங்காய், புளி, வாழைப்பொத்தி பட்டால் கறுப்புப் படியும். இதைக் கண்டு கத்தி கூடாதென்று ஒதுக்கியவர்கள் உண்டு. கறுப்பு வேறு, துரு வேறு. கறுப்பால் கேடில்லை, அது துருவைச் சற்றுத் தடுக்கவும் செய்கிறது. செம்மண் நிறத்தில் பொடியாக உதிர்வதே துரு. சாம்பலும் பொச்சும் போட்டுத் தேய்த்து, கழுவி, உடனே துடைத்து, அடுப்பின் ஓரச் சூட்டில் ஒரு நிமிடம் காட்டி, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை தடவினால் போதும். எண்ணெய் அதிகமானால் பிசினாகித் தூசு ஒட்டும்.

கூர் விடயத்தில் பாளை சீவும் தொழிலாளரை விடச் சிறந்த ஆசிரியர் எமக்கு இல்லை. ஒவ்வொரு நாளும் பாளையில் மெல்லிய சீவலாக எடுக்க வேண்டியிருப்பதால் அவர்கள் நாள் தவறாமல் தீட்டுகிறார்கள். கத்தியை வெறுமனே மடியில் செருகாமல் கூட்டிலே போட்டுத்தான் மரம் ஏறுகிறார்கள். குசினிக் கத்திக்கு வாரம் ஒருமுறை தீட்டினால் போதும். ஒன்றரை அங்குல அகலமுள்ள கத்தியைத் தீட்டுக்கல்லில் படுக்கவைத்து, முதுகை அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்த்தி, அந்தச் சாய்வு மாறாமல் இரு பக்கமும் தீட்டுங்கள். கல் இல்லாத வீட்டில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியில் மினுக்கம் பூசாத சொரசொரப்பான வளையத்தில் தீட்டலாம். குழாயடிச் சீமெந்துக் கட்டில் தேய்ப்பது தீட்டுவதாகாது. மோட்டார்ச் சாணையில் கொடுத்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் தொடாமல் பிடித்து வாயில் நீல நிறம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்பது பொருள்.

இனி இடம். "சுவாமி, ஓர் அறைக்குள் எங்கே வைக்கிறது?" என்று தாய்மார் கேட்பது நியாயமே. பெரும்பாலான கொட்டில்களில் கத்தி கிடுகுச் செத்தையில் செருகப்பட்டிருக்கும். மழைக்கு நனைந்த கிடுகு கத்தியைத் துருவாக்கும். செத்தை தளர்ந்தால் கத்தி கீழே விழும். அதைவிட மோசமானது, நுனி மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. வெளியே ஒளித்துப்பிடித்து விளையாடும் பிள்ளையின் கண் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. தற்காலிகக் கொட்டிலின் இறப்பு சொந்த வீட்டின் இறப்பைப் போல உயரமானதுமல்ல. எட்டு வயதுப் பிள்ளை கையை உயர்த்தினால் எட்டிவிடும். பாய்க்கு அடியிலும், அரிசிச் சாக்குக்குப் பின்னாலும் வைப்பவர்கள் நாளைக்கு ஓர் இடம் மாற்றுகிறார்கள். இருட்டில் தேடும் கை வெட்டுப்படுகிறது.

கொட்டிலின் நடுக்கப்பே உகந்த இடம். ஒன்பது அங்குல நீளமுள்ள இரண்டு பனஞ்சிலாகைத் துண்டுகளை எடுத்து, இடையில் கத்தியின் முதுகுத் தடிப்புக்குச் சற்றுக் கூடிய இடைவெளி விட்டு, இரு ஓரத்திலும் மெல்லிய கட்டை வைத்து ஆணியடியுங்கள். அடிப்பக்கத்தைச் சிறிது திறந்து விட்டால் ஈரம் வடியும். இதைக் கப்பில் பிடி மேலே வரும்படி, தாய் கையை நன்றாக உயர்த்தி எடுக்கும் உயரத்தில் பூட்ட வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை கதிரையில் ஏறினால் ஏறக்குறைய ஆறடி உயரத்தைத் தொட்டுவிடும் என்பதால், அந்தக் கப்பின் அடியில் கதிரை, உரல், வாளி எதுவும் நிற்கக் கூடாது. பிடியின் மேலால் ஒரு கயிற்றுத் தடம் போட்டுக் கட்டிவிடுங்கள். அடுப்புக்கு நேர் மேலேயும், படுக்கும் இடத்துக்கு மேலேயும் வேண்டாம்.

அந்தக் கயிற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு. குடித்துவிட்டு வருபவர் உள்ள வீடுகளில், பொழுது படும்போது கத்தியை ஒளித்துவைக்கும் பெண்களை நான் பல முகாம்களில் கண்டிருக்கிறேன். ஒடுங்கிய இடம், வேலையில்லாத நாட்கள், அயலவரின் பேச்சு எல்லாம் சேர்ந்து சிறு வாக்குவாதத்தைக் கூடக் கையோங்கலாக மாற்றிவிடுகின்றன. கையெட்டும் தூரத்தில் கத்தி கிடந்தால் அதை எடுக்க ஒரு கணம் போதும். எழுந்துபோய், கையை உயர்த்தி, முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தால் அந்தக் கணம் நீளும். அதற்குள் மற்றவர் வெளியே போய்விடலாம், அயல் ஓடி வரலாம். கயிறு குடியை நிறுத்தாது. கத்தியை ஒளிக்க வேண்டிய அளவுக்கு நிலைமை வந்துவிட்ட வீட்டுப் பெண்கள் அதை மூடி வைக்காமல், பங்குத்தந்தையிடமோ அருட்சகோதரிகளிடமோ, பிரதேச செயலகத்துப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ சொல்லுங்கள். அப்படிச் சொல்வது குடும்ப மானத்தைக் கெடுப்பது என்று நினைக்க வேண்டாம்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று எமது பாட்டிமார் நிலத்தில் வைத்துத்தான் எடுக்கச் சொல்வார்கள். சண்டை வருமோ வராதோ, விரல் தப்பும். பிள்ளைகளுக்கும் அதையே பழக்குங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து அரியக் கற்பிப்பது, தொடாதே என்று மட்டும் சொல்வதைவிடப் பாதுகாப்பானது.

வெட்டுப்பட்டால் கோப்பித்தூளும் சாம்பலும் வேண்டாம். சுத்தமான தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஏற்புவலி துருவால் வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் கிருமி இருப்பது மண்ணிலும் சாணத்திலும். ஆகவே புதுக் கத்தியானாலும் தோட்டத்து மண் பட்டிருந்தால் ஆபத்து ஒன்றுதான். ஆழமான காயத்துக்கும் மண்பட்ட காயத்துக்கும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், கடைசியாகத் தடுப்பூசி போட்ட வருடத்தைச் சொல்லுங்கள்.

மறுபடியும் இடம் மாற நேர்ந்தால் கத்தியைத் துணியோடு சுருட்டி மூட்டைக்குள் போட வேண்டாம். கமுகம் பாளையை ஊறவைத்து மடித்து, ஓரத்தைச் சணல் நூலால் தைத்தால் நல்ல உறை கிடைக்கும். காய்ந்த பின்னரே கத்தியைப் போடுங்கள். பழைய சைக்கிள் ரியூப்பும் பயணத்துக்கு உதவும். ஆனால் அது ஈரத்தைப் பிடித்து வைப்பதால் போய்ச் சேர்ந்ததும் கத்தியை வெளியே எடுத்துவிட வேண்டும்.

மாரி தொடங்குவதற்கு முன், புரட்டாதி மாதத்திலேயே, பிடியையும் கப்பில் அடித்த ஆணிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். திருத்த வேலைக்குக் கம்மாலைக்குப் போவதானால் வீட்டில் சேர்ந்த சிரட்டைக்கரியையும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு போங்கள். நல்ல கரி கிடைப்பது எல்லாக் கொல்லருக்கும் கஷ்டமாகவே இருக்கிறது. கரியைக் கொடுத்துக் கூலியில் கழித்துக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் முன்பும் இருந்ததுதான்.