தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன்: மலிவான வினையூக்கியைத் தேடி

நான் வேதியியல் படித்தவன் என்று தெரிந்ததும் சங்க நண்பர்கள் கேட்பது இதுதான்: "தண்ணியில கார் ஓடுமாமே சார், நிஜமா?" ஓடாது. தண்ணீர் எரிபொருள் அல்ல. ஹைட்ரஜன் எரிந்து முடிந்த பின் மிஞ்சுவது. அதை மறுபடி பிரிக்க வேண்டுமானால், எரியும்போது வெளிவந்த சக்தியைத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கணக்குப்படி சுமார் 39 யூனிட் மின்சாரம். நடைமுறையில் 50 யூனிட்டுக்கு மேல் ஆகிறது.

அந்த அதிகப்படி எங்கே போகிறது? மின்வாயில் வினை மந்தமாக நடப்பதால் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. அதில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. இதைக் குறைப்பதுதான் வினையூக்கியின் வேலை. 39 யூனிட் கடனை அது தள்ளுபடி செய்யாது. மேலே ஏறும் வட்டியைத்தான் குறைக்கும்.

அமிலச் சூழலில் நன்றாக வேலை செய்பவை பிளாட்டினமும் இரிடியமும். விலையோ கேட்கவே வேண்டாம்! உலகம் முழுவதும் ஆண்டுக்குக் கிடைக்கும் இரிடியம் 10 டன்கூட இல்லை.

சரி, மாற்று என்ன? கிரீஸில் கலக்கும் கறுப்புப் பொடியான மாலிப்டினம் டைசல்ஃபைடு ஒன்று. அதன் மெல்லிய தகட்டில் நடுப்பரப்பு சும்மா கிடக்க, ஓரத்து அணுக்களே ஹைட்ரஜனை உண்டாக்குகின்றன என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 2007இல் காட்டினார்கள். அப்பளத்தை நொறுக்கினால் ஓரம் கூடுகிறதல்லவா? நானோ அளவுக்குப் பொடியாக்குவதன் பயன் அதுதான்.

ஆக்சிஜன் வெளிவரும் பக்கம் இன்னும் மந்தமானது. அங்கே காரக் கரைசலில் நிக்கலும் இரும்பும் கைகொடுக்கின்றன. தனி நிக்கல் சுமார்தான். கொஞ்சம் இரும்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு கூடுகிறது. ஆனால் இந்தக் கூட்டணி அமிலத்தில் கரைந்துவிடும்.

ஆகவே, "மலிவு வினையூக்கி கண்டுபிடிப்பு" என்று செய்தி வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது? எவ்வளவு மின்சாரம் மிச்சமானது? நானோ துகள்கள் நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கரையும். தொழிற்சாலைக்கோ வருடக்கணக்கில் உழைக்கும் சரக்கு வேண்டும்.

இது வெறும் ஆய்வுக்கூட விஷயம் இல்லீங்க. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்று மத்திய அரசு 2023இல் இலக்கு வைத்தது. கிலோவுக்கு 50 யூனிட் என்றாலே 25,000 கோடி யூனிட் தேவை. நல்ல வினையூக்கி கிலோவுக்கு ஒரே ஒரு யூனிட்டை மிச்சப்படுத்தினாலும், ஆண்டுக்கு 500 கோடி யூனிட் நாட்டுக்கு மிஞ்சும்.