பள்ளிக்கூடத்தில் மதிய மாத்திரையை யார் கொடுப்பது?



குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் எழுதி முடித்த பிறகு, சில அம்மாக்கள் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது உண்டு. "எம்புள்ள ஒரு நிமிஷம் ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குறான். டாக்டர் மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு. இதக் குடுக்கலாமா, இது பைத்தியத்துக்குக் குடுக்குற மாத்திரையா?" என்று கேட்கிறார்கள். ஒருவர் கேட்டால், கேட்கத் தயங்குபவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள். அதனால் இந்த இதழில் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

இது என்ன குறைபாடு?

கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும் சேர்ந்த இந்தக் குறைபாட்டை டாக்டர்கள் ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாட்டால் வருவது இது. பெரும்பாலும் பரம்பரையாக வருகிறது. அம்மா வளர்த்த விதத்தால் வருவதில்லை. செல்லம் கொடுத்ததாலும் வராது, காத்துக் கருப்பாலும் வராது. அடித்தால் சரியாகாது. அடி வாங்கும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே வெறுத்துப் போகும், அவ்வளவுதான்.

எல்லாத் துறுதுறு பிள்ளைக்கும் இது இருக்காது. வீடு, பள்ளி இரண்டு இடத்திலும் பல மாதமாக இப்படியே இருந்து, படிப்பும் பழக்கவழக்கமும் கெடும்போதுதான் டாக்டர் பரிசோதித்து முடிவு செய்வார்.

மாத்திரை என்ன செய்கிறது?

அதிகம் எழுதப்படும் மருந்து மெத்தில்பெனிடேட். இது தூக்க மாத்திரை அல்ல. மூளையில் கவனத்தை ஒருமுகப்படுத்தும் பகுதிக்குத் துணை செய்கிறது. சாதா மாத்திரை போட்ட அரை மணி, முக்கால் மணியில் வேலை செய்ய ஆரம்பித்து, ஏறக்குறைய மூன்று, நான்கு மணி நேரம் இருக்கும். காலை எட்டரைக்குப் போட்டால் மதியம் பன்னிரண்டரை வாக்கில் குறைந்துவிடும். அதனால்தான் மதியம் இன்னொரு மாத்திரை எழுதுகிறார்கள்.

அட்டமோக்செடின் என்று இன்னொரு மருந்து உண்டு. அது முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். "பத்து நாளாச்சு, ஒண்ணும் தெரியல" என்று நாமாக நிறுத்திவிடக் கூடாது.

காலையில்: முதலில் சாப்பாடு, பிறகு மாத்திரை

மெத்தில்பெனிடேட் பசியைக் குறைக்கும். எனவே காலையில் வயிறாரச் சாப்பிட்ட பிறகே கொடுங்கள். அரசு தொடக்கப் பள்ளிகளில் நடக்கும் காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் நம் குழுப் பெண்கள்தான். பிள்ளை அங்கே சாப்பிடுகிறான் என்றால், மாத்திரையை வீட்டில் கொடுப்பதா, சாப்பிட்ட பின் பள்ளியில் கொடுப்பதா என்று டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மாலையில் மருந்தின் வேகம் குறைந்ததும் பசி திரும்பும். அப்போது முட்டை, வேர்க்கடலை, வாழைப்பழம், சத்துமாவுக் கஞ்சி என்று கொடுங்கள். இரவும் நன்றாகச் சாப்பிடட்டும். அந்த நேரத்தில் சிடுசிடுப்பும் அழுகையும் வரலாம். அது திமிர் அல்ல, மருந்து குறைவதன் விளைவு. கொஞ்ச நேரம் விளையாட விட்டுவிட்டு, பிறகு வீட்டுப்பாடத்தைச் சிறிது சிறிதாகப் பிரித்துச் செய்யச் சொல்லுங்கள்.

மதியத்தில்: பொறுப்பு யாருக்கு?

பல வீடுகளில் மருந்து நின்று போவது இந்த இடத்தில்தான். பென்சில் டப்பாவில் மாத்திரையைப் போட்டு அனுப்புகிறோம். பிள்ளை மறந்துவிடும், தொலைத்துவிடும், பக்கத்துப் பிள்ளை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். அண்ணன், அக்காவிடம் கொடுத்தனுப்புவதும் சரியில்லை. அவர்களும் பிள்ளைகள்தானே? நாம் செய்ய வேண்டியது:

1. தலைமை ஆசிரியரை நேரில் பார்த்து, டாக்டர் சீட்டின் நகலோடு ஒரு கடிதம் கொடுங்கள். பிள்ளை பெயர், மருந்து, அளவு, நேரம் நான்கும் அதில் இருக்கட்டும். எழுத வராதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம்.
2. ஒரு வாரத்துக்கான மாத்திரையை மட்டும் அட்டையோடு, பெயர் எழுதிய உறையில் போட்டு ஆசிரியர் கையில் கொடுங்கள். அது பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.
3. மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆசிரியர் முன்னால் விழுங்கி, ஒரு நோட்டில் தேதிக்கு நேரே டிக் போடட்டும்.
4. வகுப்பில் எல்லோர் முன்னாலும் "மாத்திரை போட்டியா?" என்று கேட்க வேண்டாம் என்று ஆசிரியரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஒரு நாள் கேலி போதும், மறுநாள் பிள்ளை மாத்திரையைத் தொடாது.

பள்ளியில் இதற்கு வழியே இல்லையென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். காலையில் ஒரு முறை போட்டால் பகல் முழுக்க வேலை செய்யும் மாத்திரையும் இருக்கிறது. விலை கூடுதல். அதை நசுக்கியோ உடைத்தோ கொடுக்கக் கூடாது.

மறந்துவிட்டால்?

மதிய மாத்திரை விட்டுப்போய், பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறதா? விட்டுவிடுங்கள். மாலையில் கொடுத்தால் இரவு தூக்கம் கெடும். மறுநாள் இரண்டாகச் சேர்த்தும் கொடுக்கக் கூடாது. லீவு நாளில் நிறுத்தலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுதி வையுங்கள். எடை குறைந்தாலும், தூக்கம் கெட்டாலும், அடிக்கடி கண் சிமிட்டினாலும், சிரிப்பு விளையாட்டு இல்லாமல் பொம்மை மாதிரி ஆகிவிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை மாற்றுவார். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதிலேயே இருதய நோய் இருந்தால் மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மெத்தில்பெனிடேட் சட்டக் கட்டுப்பாடு உள்ள மருந்து. எல்லாக் கடையிலும் இருக்காது, சீட்டு இல்லாமல் தரவும் மாட்டார்கள். கடைசி மாத்திரை வரை காத்திருக்காமல் பத்து நாள் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். வீட்டிலும் பூட்டி வையுங்கள். ஒரு பிள்ளையின் மாத்திரையை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

எங்கே கேட்பது?

அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் மருத்துவக் குழு, பரிசோதனை தேவைப்படும் பிள்ளைகளை மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

குழு என்ன செய்யலாம்?

டவுனுக்குப் போக ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு, மாத்திரைச் செலவு வேறு. இதனாலேயே மருந்தை நிறுத்திவிடுகிற வீடுகள் உண்டு. உள்கடன் கேட்டு வந்தால், பதிவேட்டில் 'மருத்துவச் செலவு' என்று எழுதினால் போதும். எந்தப் பிள்ளைக்கு, என்ன நோய் என்று சபையில் கேட்க வேண்டாம். "புள்ளைய மாத்திரை குடுத்தே கெடுக்குறா" என்ற பேச்சு நம் வாயிலிருந்து வரவே கூடாது.

அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். சபையில் பேசக் கூச்சப்படும் சகோதரிகள் கூட்டம் முடிந்த பிறகு எங்களிடம் சொல்லலாம். பள்ளிக்கு முதல் தடவை போகும்போது நாங்களும் கூட வருகிறோம்.