பழைய டிவியில் ஓடாத வீடியோ: தீர்வு செலவில்லாதது

புது தில்லி ஆர்.கே.புரத்தில் ஏழாம் செக்டார் மலை மந்திரில் தைப்பூசம், ஐந்தாம் செக்டார் தில்லித் தமிழ்ச் சங்கத்தில் பட்டிமன்றம், நான்காம் செக்டார் தமிழ்ப் பள்ளியில் ஆண்டு விழா. படம் பிடிப்பது பேரனின் புதிய போன். அதைப் பெரிய திரையில் பார்க்க ஆசைப்படுவது, பல வருடங்களுக்கு முன் வாங்கிய டிவியை இன்னும் வைத்திருக்கும் தாத்தாவும் பாட்டியும். பென்டிரைவைச் செருகினால், 'இந்தக் கோப்பை இயக்க முடியாது' என்று திரை சொல்லிவிடும். சில டிவிகளில் குரல் மட்டும் கேட்கும், படம் வராது. டிவி கெட்டுவிட்டது என்று நேரு பிளேஸ் கடைகளுக்கோ மெக்கானிக்கிடமோ ஓடும் முன் இதைப் படியுங்கள்.

சிக்கல் எங்கே?

கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்பி4, எம்கேவி, ஏவிஐ எல்லாம் வெளி உறைகள். டப்பாவைப் பார்த்து உள்ளே இருப்பது சர்க்கரையா உப்பா என்று சொல்ல முடியாதல்லவா, அதுபோலத்தான் இதுவும். உள்ளே படமும் ஒலியும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருக்கும். அப்படிச் சுருக்கி விரிக்கும் முறைக்கு 'கோடெக்' என்று பெயர்.

டிவிடியில் இருப்பது எம்பெக்-2 என்ற கோடெக். 2003இல் வந்த எச்.264, இன்று ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் அறிந்த முறை. 2013இல் வந்த எச்.265, அதே தரத்தை ஏறத்தாழப் பாதி அளவில் தரும். 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன்கள் இந்தப் புதிய முறைக்கு மாறின. டிவியில் விரிக்கும் வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் சிப். எச்.265 வருவதற்கு முன் தயாரான சிப்புக்கு அது தெரியாது. அதனால் டிவிக்குத் தெரிந்த முறைக்கு வீடியோவை மாற்றித் தருவதே வழி.

எப்படி மாற்றுவது?

முதலில் கணினியில் விஎல்சி பிளேயரில் வீடியோவைத் திறந்து, 'டூல்ஸ்' மெனுவில் கோடெக் விவரத்தைப் பாருங்கள். உள்ளே ஏற்கெனவே எச்.264 இருந்து உறை மட்டும் எம்கேவி என்றால், எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளால் உறையை மட்டும் மாற்றலாம். சில நொடிகளில் முடியும். தரம் சிறிதும் குறையாது.

எச்.265 என்றால் முழுவதும் மாற்ற வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். உறைக்கு எம்பி4, படத்துக்கு எச்.264, ஒலிக்கு ஏஏசி என்று தேர்ந்தெடுங்கள். 4கே வீடியோவை 1080பி அளவுக்கு, நொடிக்கு 30 பிரேமுக்குக் குறையுங்கள். டிவி மிகவும் பழையது என்றால் 720பி பாதுகாப்பானது. யுஎஸ்பி உள்ள பழைய டிவிடி பிளேயர்கள் பலவற்றுக்கு ஏவிஐ உறையில் எக்ஸ்விட் முறை தேவைப்படும்; அதற்கும் எஃப்எஃப்எம்பெக் உதவும்.

முழு விழாவையும் மாற்றும் முன், ஒரு நிமிடத் துண்டை மாற்றி டிவியில் ஓட்டிப் பாருங்கள். மணிக்கணக்கான காத்திருப்பு மிச்சமாகும்.

கவனிக்க வேண்டியவை

பழைய டிவிகள் பல, 'ஃபேட்32' முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவை மட்டுமே படிக்கும். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. நீண்ட கச்சேரியைப் பகுதிகளாகப் பிரியுங்கள்.

இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளங்களில் குடும்ப வீடியோவை ஏற்ற வேண்டாம். வீட்டுக் குழந்தைகளின் படம் யாருடைய சர்வரில் தங்கும் என்பது நம் கையில் இல்லை.

ஐபோனில் 'கேமரா' அமைப்புகளில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால், சாதாரணப் பதிவுகள் எச்.264இலேயே அமையும், மாற்றும் வேலை பெரும்பாலும் இராது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, மூலக் கோப்பை அழிக்காதிருப்பது. ஒவ்வொரு கோடெக் மாற்றத்திலும் படத்தின் நுணுக்கம் கொஞ்சம் போகும், போனது திரும்பாது. டிவிக்கு நகல் போதும். மூலத்தை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் வையுங்கள். பணி ஓய்வு பெற்று அரசுக் குடியிருப்பைக் காலி செய்து ஊர் திரும்பும் குடும்பங்களுக்குத் தில்லி வாழ்க்கையின் சாட்சி அதுதான்.