அப்டேட் முடிந்ததும் லினக்ஸ் லேப்டாப்பின் ரேம் நிரம்பிவிடுவது ஏன்?

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. பல பிள்ளைகள் லினக்ஸை முதன்முதலில் பார்த்தது அதில்தான். இன்று உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு பதற்றம் உண்டு: அப்டேட் போட்டதும் ரேமில் இடமே இல்லையே!

பதறாதீர்கள். விருத்தாசலத்தின் பீங்கான் பட்டறை ஒன்றுக்குள் எட்டிப் பாருங்கள். பொம்மை வார்ப்பவர் கிடங்கிலிருந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகளை எடுத்து மேசையில் அடுக்குகிறார். ஊற்றிய களிமண் குழம்பின் நீரை அச்சு உறிஞ்சிக்கொள்ள, பொம்மை கெட்டிப்படுகிறது. வேலை முடிந்ததும் அச்சுகளை உடனே திருப்பி அனுப்புவதில்லை, மறுபடி தேவைப்படலாம். புது வேலை வந்தால் ஒதுக்கி இடம் பண்ணிக்கொள்ளலாம்.

கிடங்குதான் ஹார்ட் டிஸ்க், மேசை ரேம். அப்டேட்டின்போது ஏராளமான கோப்புகளைப் படித்து எழுதும் லினக்ஸ், அவற்றின் நகலை ரேமிலேயே விட்டுவைக்கிறது. காலி இடத்தை வீணாக்குவானேன்?

ஆகவே டெர்மினலில் ‘ஃப்ரீ’ கட்டளையைக் கொடுத்தால், அதே பெயரில் வரும் எண்ணை நம்பிப் பயப்பட வேண்டாம். ‘அவைலபிள்’ என்ற எண்ணைப் பாருங்கள். 2014-இல் வந்த லினக்ஸின் 3.14 கெர்னல்தான் இந்தக் கணக்கைத் தரத் தொடங்கியது.

அந்த ‘அவைலபிள்’ எண்ணும் சரிந்து, ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடமான ஸ்வாப் ஏறிக்கொண்டே போனால்?

அது நிஜக் கோளாறு. எடுத்த ரேமைச் செயலி திருப்பித் தராத ‘நினைவகக் கசிவு’ காரணமாக இருக்கலாம். க்னோம் திரைச்சூழலிலேயே அப்படி ஒரு கசிவு 2018-இல் கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. அப்டேட்டுக்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த செயலிகள் பழைய கோப்புகளை ரேமில் பிடித்துக்கொண்டிருப்பதும் உண்டு. முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகும் குறையவில்லையா? ‘டாப்’ கட்டளையைத் திறந்து, ஷிஃப்ட்டுடன் எம் விசையை அழுத்துங்கள். ரேமை அதிகம் தின்னும் செயலி பட்டியலின் தலையில் நிற்கும்.